வலித்தால் எடுத்துவிட்டு மறுபடி வையுங்கள்

பாலூட்டுவது பற்றி வந்திருந்த கடிதங்களை ஒன்றாக வைத்துப் படித்தேன். வலிக்கிறது, பால் போதவில்லை, வாய் வைத்ததும் தூங்கிவிடுகிறது, மார்பைத் தள்ளிவிட்டு அழுகிறது என்று ஆளுக்கொரு கேள்வி. ஆனால் பெரும்பாலானவை போய் நிற்கிற இடம் ஒன்றுதான்: குழந்தையின் வாய்க்குள் மார்பு எவ்வளவு தூரம் போகிறது என்பது. அதனால் இந்த முறை முழுப் பகுதியையும் அதற்கே ஒதுக்கிவிட்டேன். ஒரே மாதிரி வந்தவற்றில் ஒன்றை மட்டும் எடுத்திருக்கிறேன், பெயர்களைப் போடவில்லை.

கேள்வி: அக்கா, குழந்தை பிறந்து 5 நாள் ஆகிறது. ஒவ்வொரு முறை வாய் வைக்கும்போதும் உயிர் போகிற வலி. இரண்டு காம்பும் வெடித்துவிட்டன, நேற்று ரத்தமும் வந்தது. முதல் மாதம் அப்படித்தான் இருக்கும், காம்பு காய்த்துப் போனால் சரியாகிவிடும், பொறுத்துக்கொள் என்கிறார்கள். குழந்தை சிணுங்க ஆரம்பித்தாலே எனக்கு நெஞ்சு படபடக்கிறது. எல்லோரும் தாங்குகிறார்கள், என்னால் மட்டும் ஏன் முடியவில்லை?

பதில்: வெடித்த காம்போடு இத்தனை நாளாக ஊட்டிக்கொண்டிருக்கிறீர்களே அம்மா, இதற்கு மேல் யாரால் தாங்க முடியும்? முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன், இது நீங்கள் தாங்க வேண்டிய வலியே இல்லை. முதல் வாரத்தில் குழந்தை கவ்வியதும் சில நொடிகள் சுருக்கென்று இருக்கும், பலருக்கும் உண்டு, அப்புறம் அடங்கிவிடும். ஊட்டி முடிக்கும் வரை வலித்துக்கொண்டே இருந்தாலோ, காம்பு வெடித்தாலோ, ரத்தம் வந்தாலோ, குழந்தை நுனியை மட்டும் பிடித்துக்கொண்டு இழுக்கிறது என்றுதான் முதலில் எடுத்துக்கொள்ள வேண்டும். காம்பு காய்த்துப்போய் வலி நிற்பது என்றெல்லாம் எதுவும் கிடையாது. பிடிப்பு மாறினால் வலி குறையும், அன்றைக்கே குறைவதையும் பார்க்கலாம்.

ஏன் என்று புரிந்துவிட்டால் செய்வது சுலபம். உங்கள் நாக்கு நுனியை மேல்பல்லுக்குப் பின்னால் வைத்து, அண்ணத்தைத் தடவியபடியே உள்ளே கொண்டுபோய்ப் பாருங்கள். முன்னால் கெட்டியாக இருக்கும், போகப் போக ஓரிடத்தில் மெத்தென்று மாறும். குழந்தையின் வாயில் காம்பு ஏறக்குறைய அந்த இடம் வரை போக வேண்டும். அங்கே போய்விட்டால், குழந்தையின் நாக்கு கீழே இறங்கும்போது வாய்க்குள் உண்டாகிற உறிஞ்சுதலில் பால் வந்துவிடும், காம்பு நசுங்காது. முன்பக்கமே நின்றுவிட்டால் கெட்டி அண்ணத்துக்கும் நாக்குக்கும் நடுவில் ஒவ்வொரு சப்புக்கும் மாட்டிக்கொள்ளும். வாயை எடுத்ததும் காம்பைப் பாருங்கள்: உருண்டையாக, கொஞ்சம் நீண்டு இருந்தால் நல்லது. ஒரு பக்கம் சாய்ந்தோ, தட்டையாகவோ, நுனியில் வெள்ளைக் கோடு விழுந்தோ வெளியே வந்தால் அது முன்னாலேயே நசுங்கியிருக்கிறது.

இப்போது உட்காருவதிலிருந்து தொடங்குவோம், ஏனென்றால் தவறு பெரும்பாலும் அங்கேதான் ஆரம்பிக்கிறது. குழந்தையின் மேல் குனியாதீர்கள். முதுகை நன்றாகச் சாய்த்து, தோளைத் தளர்த்தி, பாதம் எதன் மேலாவது பதிகிற மாதிரி உட்கார்ந்துவிட்டு, குழந்தையை மார்பு உயரத்துக்குக் கொண்டுவாருங்கள், தேவையானால் மடியில் தலையணை. குழந்தை மல்லாந்து கிடந்து முகத்தை மட்டும் திருப்பினால் விழுங்குவது கஷ்டம். உங்கள் தலையை ஒரு பக்கமாகத் திருப்பிக்கொண்டு தண்ணீர் குடித்துப் பாருங்கள், தெரியும். காது, தோள், இடுப்பு மூன்றும் ஒரே கோட்டில் இருக்க, அதன் வயிறு உங்கள் உடம்போடு ஒட்டியிருக்க வேண்டும். கனமாகச் சுற்றியிருக்கிற துணியை எடுத்துவிடுங்கள், நடுவில் எதுவும் வேண்டாம்.

இடது மார்பில் ஊட்டுவதானால் குழந்தையை வலது கையால் பிடியுங்கள், இடது கை மார்பைத் தாங்கட்டும். புதிதாகப் பழகும்போது இந்த மாற்றுக் கைப்பிடியில்தான் உங்கள் கையில் கட்டுப்பாடு இருக்கும். வலது உள்ளங்கை குழந்தையின் மேல்முதுகில், பெருவிரலும் மற்ற விரல்களும் காதுக்குக் கீழே கழுத்தின் இரு பக்கமும். பின்தலையை மட்டும் பிடித்துத் தள்ளாதீர்கள். தள்ளினால் குழந்தை எதிர்த்துப் பின்னால் வளையும். அதைப் பார்த்துவிட்டு "பால் வேண்டாம் என்கிறது" என்று நினைத்துக்கொள்கிறோம், அது பாலை மறுக்கவில்லை, கையை எதிர்க்கிறது.

அடுத்துதான் முக்கியமான இடம். காம்புக்கு நேரே குழந்தையின் வாய் இருக்கக் கூடாது, மூக்கு இருக்க வேண்டும். காம்பால் மேலுதட்டை லேசாகத் தொடுங்கள். குழந்தை தலையைக் கொஞ்சம் பின்னுக்குச் சாய்த்து, மோவாயை முன்னே நீட்டி, வாயைத் திறக்கும். முதலில் பாதிதான் திறக்கும். அப்போது வைத்துவிடாதீர்கள், காத்திருங்கள், மறுபடி தொடுங்கள். கொட்டாவி விடுகிற அளவுக்கு வாய் திறந்து நாக்கு கீழே படிந்திருக்கும், அது ஒரு நொடிதான் நிற்கும். அந்த நொடியில் தோளோடு சேர்த்துக் குழந்தையைச் சட்டென்று உங்கள் பக்கம் அணையுங்கள். மார்பை வாய்க்குள் திணிக்க வேண்டாம், குழந்தைதான் மார்புக்கு வர வேண்டும். மோவாய் முதலில் பதியட்டும், கீழ்த்தாடை காம்பை விட்டு எவ்வளவு தள்ளி விழுகிறதோ அவ்வளவு நல்லது, மேலுதடு கடைசியாக வந்து சேரும்.

பிடித்துவிட்டதா என்று எப்படிப் பார்ப்பது? மோவாய் மார்பில் நன்றாக அழுந்தியிருக்கும், மூக்கு விட்டும் விடாமலும் இருக்கும். கீழுதடு வெளிப்பக்கம் மடிந்திருக்கும். காம்பைச் சுற்றியுள்ள கருவட்டம் மேலுதட்டுக்கு மேலே அதிகம் தெரியும், கீழே குறைவாகத் தெரியும் அல்லது தெரியவே தெரியாது. கன்னம் உப்பலாக இருக்கும், சப்பும்போது குழி விழாது. முதலில் வேகவேகமாகச் சப்பும், பால் இறங்க ஆரம்பித்ததும் சப்புவது ஆழமாகி நிதானப்படும், வாய் அகலத் திறந்த நிலையில் ஒரு கணம் நிற்கும், அந்தக் கணத்தில்தான் ஒரு வாய்ப் பால் உள்ளே போகிறது. பிறகு மெல்லிய "க்க" என்று விழுங்குகிற சத்தம். அந்தச் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்டுப் பழகிக்கொண்டால், கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே ஊட்ட வேண்டியதில்லை.

மனதுக்குள் பத்து எண்ணியும் வலி அடங்கவில்லையா, எடுத்துவிட்டு மறுபடி வையுங்கள். வெறுமனே இழுக்காதீர்கள், புண்ணாகிவிடும். சுத்தமான சுண்டுவிரலை வாயோரத்தில் ஈறுகளுக்கு நடுவே நுழைத்தால் காற்றுப் போய்ப் பிடி விடும். ஒரு வேளைக்கு நாலைந்து முறை எடுத்து வைக்க நேர்ந்தாலும் பரவாயில்லை. குழந்தை அழுதால் தோளில் போட்டுச் சமாதானப்படுத்திவிட்டு மறுபடி முயலுங்கள். இது நீங்கள் மட்டும் கற்றுக்கொள்கிற வேலை இல்லை, குழந்தையும் கற்றுக்கொள்கிறது, தவறாகப் பிடிப்பதை அனுமதித்துக்கொண்டே போனால் அதையே பழகிக்கொள்ளும்.

வெடிப்புக்கு: ஊட்டி முடித்ததும் இரண்டு சொட்டுப் பாலை அங்கேயே தடவி உலர விடுங்கள், சுத்திகரித்த லேனோலின் களிம்பும் போடலாம். காம்புக்குச் சோப்பு வேண்டாம். வலி குறைவான பக்கத்தில் முதலில் ஊட்டுங்கள். தாங்கவே முடியவில்லை என்றால் ஒன்றிரண்டு வேளைக்கு அந்தப் பக்கம் கையால் பாலை எடுத்து ஸ்பூனில் கொடுங்கள், எடுக்காமல் மட்டும் விட்டுவிடாதீர்கள். சீழ், காய்ச்சல், மார்பில் சிவந்த வீக்கம் தெரிந்தால் அன்றே டாக்டரிடம் போங்கள். எல்லாம் சரியாகச் செய்தும் ஒரு வாரத்தில் முன்னேற்றம் இல்லை என்றால், நீங்கள் ஊட்டுவதை நேரில் உட்கார்ந்து பார்க்கிற தாய்ப்பால் ஆலோசகரோ, அனுபவமுள்ள நர்ஸோ வேண்டும். போனில் கேட்டுச் சரிசெய்கிற விஷயமில்லை இது.

கேள்வி: என் மனைவிக்கு உதவ வேண்டும் என்று ஆசையாக இருக்கிறது. ஆனால் பாலூட்டும் நேரத்தில் நான் என்ன செய்ய முடியும்? சும்மா நிற்பதற்கு வெட்கமாக இருக்கிறது.

பதில்: உங்களால் மட்டுமே முடிகிற ஒரு வேலை இருக்கிறது தம்பி. மேலிருந்து பார்க்கிற தாய்க்குக் குழந்தையின் கீழுதடு தெரியாது, மார்பு மறைத்துவிடும். நீங்கள் கட்டிலுக்குப் பக்கத்தில் முழங்கால் போட்டு உட்கார்ந்து, கீழிருந்து பாருங்கள்: உதடு வெளியே மடிந்திருக்கிறதா, மோவாய் ஒட்டியிருக்கிறதா, நடுவில் இடைவெளி இருக்கிறதா? கீழுதடு உள்ளே மடங்கியிருந்தால் உங்கள் சுத்தமான விரலால் மோவாயை மெதுவாகக் கீழே அழுத்திவிட்டால் போதும், பல நேரம் உதடு வெளியே வந்துவிடும். அவர் சம்மதித்தால் போனில் ஒரு படம் எடுத்துக் காட்டுங்கள், எது மாற வேண்டும் என்று அவருக்கே தெரிந்துவிடும்.

மற்றபடி, குழந்தை கையை ஆட்டி வாய்க்குக் குறுக்கே கொண்டுவரும்போது அந்தக் கையை மெல்லப் பிடித்துக்கொள்வது, முதுகுக்குத் தலையணை வைப்பது, கை எட்டுகிற இடத்தில் தண்ணீர் வைப்பது, ஊட்டி முடித்ததும் தோளில் போட்டு ஏப்பம் விட வைப்பது, டயப்பர் மாற்றுவது எல்லாம் உங்கள் பொறுப்பாக இருக்கட்டும். குழந்தை உதட்டைச் சப்பும்போது, கையை வாய்க்குக் கொண்டுபோகும்போது, தலையைத் திருப்பித் தேடும்போதே தூக்கிக்கொண்டு போய்க் கொடுங்கள். அழுகை பசியின் கடைசி அறிகுறி. வீறிட்டு அழுகிற குழந்தையின் நாக்கு மேலே தூக்கிக்கொண்டிருக்கும், அப்போது பிடிக்க வைப்பது யாருக்கும் கஷ்டம். அப்புறம், வந்து பார்ப்பவர்கள் யாராவது "பால் இருக்கிறதா?" என்று ஆரம்பித்தால் பேச்சை மாற்றுகிற வேலையும் உங்களுடையதுதான். அந்த ஒரு கேள்வி ஒரு தாயின் நம்பிக்கையை எப்படி உடைக்கிறது என்பதைத் திரும்பத் திரும்பப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

கேள்வி: என் மகளுக்குப் பிரசவம் ஆகி இன்று 3 நாள். பால் கொஞ்சம்கூட இறங்கவில்லை, மஞ்சளாக நாலு சொட்டுதான் வருகிறது. குழந்தை எப்போது பார்த்தாலும் மார்பில்தான் இருக்கிறது, இறக்கினால் அழுகிறது. பசியோடு விட மனது வரவில்லை. பவுடர் பால் கொடுத்துவிடலாமா?

பதில்: உங்கள் தவிப்பு புரிகிறதம்மா. ஆனால் அந்த மஞ்சள் நாலு சொட்டுதான் சீம்பால், குழந்தைக்கு இப்போது வேண்டியதும் அதுதான். முதல் 24 மணி நேரத்தில் ஒரு வேளைக்குக் குழந்தை குடிப்பதே 2 முதல் 10 மில்லிதான், அதன் வயிறும் அவ்வளவு சிறியது. நோய் எதிர்ப்புச் சக்தி அடர்த்தியாக இருப்பதும், கருப்பு மலத்தை வெளியேற்றிவிடுவதும் இந்தச் சீம்பால்தான். நிறையப் பால் சுரப்பது பெரும்பாலும் 2-ம் நாளுக்கும் 4-ம் நாளுக்கும் நடுவில் ஆரம்பிக்கும், முதல் பிரசவத்தில், சிசேரியனில் கொஞ்சம் தாமதமாகலாம். குழந்தை ஓயாமல் மார்பிலேயே கிடப்பதும் அந்தச் சுரப்பைத் தூண்டத்தான். 24 மணி நேரத்தில் 8 முதல் 12 முறை குடிப்பது சாதாரணம்.

போதுகிறதா என்று அழுகையை வைத்து முடிவு செய்யாதீர்கள், டயப்பரைப் பாருங்கள். முதல் நாள் ஒரு முறையாவது, இரண்டாம் நாள் இரண்டு முறையாவது, மூன்றாம் நாள் மூன்று முறையாவது சிறுநீர் போயிருக்க வேண்டும். 5, 6-ம் நாளிலிருந்து 6 முறைக்குக் குறையக் கூடாது. மலம் கருப்பிலிருந்து பச்சையாகி, 5-ம் நாளுக்குள் மஞ்சளாகிவிட வேண்டும். பிறந்த எடையில் கொஞ்சம் குறைவது எல்லாக் குழந்தைக்கும் உண்டு, 2 வாரத்துக்குள் திரும்ப ஏறிவிடும்.

அதே நேரம், எல்லாம் தானாகச் சரியாகிவிடும் என்றும் இருந்துவிடாதீர்கள். எடை 10 சதவீதம் அளவுக்குக் குறைந்தால், சிறுநீர் குறைந்தால், 4-ம் நாளுக்குப் பிறகும் மலம் கருப்பாகவே இருந்தால், எழுப்பினாலும் எழாமல் துவண்டு கிடந்தால், மஞ்சள் காமாலை கண்ணிலும் உடம்பிலும் ஏறிக்கொண்டே போனால் உடனே குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். கூடுதல் பால் தேவை என்று அவர் சொன்னால் தயங்காமல் கொடுங்கள், பட்டினி போட்டு நிரூபிக்க ஒன்றுமில்லை. முதல் தேர்வு உங்கள் மகளின் பாலே. கையால் எடுத்து ஸ்பூனிலோ சிறு கிண்ணத்திலோ கொடுக்கலாம். அது போதாவிட்டால் தாய்ப்பால் வங்கிப் பால், அப்புறம் பவுடர் பால். தேவை இல்லாமல் பவுடர் பால் கொடுத்தால் குழந்தை அசந்து தூங்கும், மார்புக்கு வருவது குறையும், சுரப்பும் குறையும், பிறகு நிஜமாகவே பால் போதாமல் போகும். தண்ணீர் மட்டும் வேண்டவே வேண்டாம், 6 மாதம் வரை தாய்ப்பால் மட்டும் போதும் என்றுதான் உலக சுகாதார நிறுவனமும் சொல்கிறது.

கையால் எடுப்பது எப்படி என்று தெரியாவிட்டால்: பெருவிரலையும் ஆள்காட்டி விரலையும் கருவட்டத்தின் ஓரத்தில் எதிரெதிரே வைத்து, முதலில் நெஞ்சுப் பக்கமாக உள்ளே அழுத்தி, பிறகு இரண்டு விரலையும் சேர்த்து அழுத்தி விடுங்கள். தோலில் தேய்க்கக் கூடாது, காம்பைப் பிதுக்கக் கூடாது. சீம்பால் கெட்டியாக, கொஞ்சமாக இருக்கிற நாட்களில் பம்பைவிடக் கைதான் நன்றாக எடுக்கும், பம்பில் ஓரங்களிலேயே ஒட்டிக்கொண்டு வீணாகும்.

கேள்வி: 4-ம் நாள் ராத்திரி மார்பு இரண்டும் கல் மாதிரி ஆகிவிட்டன. நேற்று வரை நன்றாகக் குடித்த குழந்தைக்கு இன்று பிடிக்கவே வரவில்லை, வழுக்கி வழுக்கி விடுகிறது, இரண்டு பேரும் அழுகிறோம்.

பதில்: பால் கட்டிக்கொண்டு, கூடவே நீரும் கோத்துக்கொண்டு கருவட்டம் விறைப்பாகிவிட்டது, காம்பும் தட்டையாகியிருக்கும். குழந்தை மறந்துவிடவில்லை, அதற்குப் பிடிக்க மடிப்பே கிடைக்கவில்லை. ஊட்டுவதற்குச் சற்று முன்பு, ஐந்து விரல் நுனிகளையும் காம்பைச் சுற்றி ஒட்டி வட்டமாக வைத்து (நகம் வெட்டியிருக்க வேண்டும்) நெஞ்சுப் பக்கமாக மெதுவாக, விடாமல் ஒரு நிமிடமாவது அழுத்துங்கள். வலிக்கிற அளவுக்கு வேண்டாம். தேங்கியிருக்கிற நீர் பின்னுக்குப் போய், விரல் வைத்த இடத்தில் குழி விழுந்து, கருவட்டம் மெத்தென்று ஆகும். மல்லாந்து படுத்துக்கொண்டு செய்தால் இன்னும் சீக்கிரம் இளகும். அது போதாவிட்டால் கையால் கொஞ்சம் பாலை எடுத்துவிட்டு உடனே குழந்தையை வையுங்கள்.

ஊட்டிய பிறகு துணியில் சுற்றிய குளிர் ஒத்தடம் கொடுத்தால் வீக்கமும் வலியும் குறையும். கட்டியைக் கரைக்கிறேன் என்று யாரையும் அழுத்திப் பிசைய விடாதீர்கள், திசு நசுங்கி வீக்கம்தான் கூடும். பம்பை வைத்து முழுக்க வடித்துவிடுவதும் வேண்டாம், உடம்பு அதைத் தேவை என்று எடுத்துக்கொண்டு இன்னும் சுரக்கும். காய்ச்சலோடு ஒரு பக்கம் சிவந்து வலித்தால் டாக்டரைப் பாருங்கள், அந்த நேரத்திலும் அந்த மார்பில் ஊட்டலாம்.

கேள்வி: எனக்குக் காம்பு உள்ளடங்கி இருக்கிறது. இப்படி இருந்தால் பாலூட்டவே முடியாது என்று சொல்லிவிட்டார்கள். இன்னும் பிரசவம் ஆகவில்லை, இப்போதே கவலை.

பதில்: அப்படிச் சொன்னவர்கள் பேச்சை விட்டுத் தள்ளுங்கள். குழந்தை காம்பைப் பிடித்துக் குடிப்பதில்லை, மார்பைக் கவ்விக் குடிக்கிறது, காம்பு வாய்க்குள் இருக்கும் பகுதியில் ஒரு பங்குதான். மார்பின் தோல் இழுத்தால் வருகிறதா என்பதே முக்கியம், கர்ப்பத்தின்போதும் பிரசவத்துக்குப் பிறகும் அது இன்னும் இளகும். இப்போது காம்பை இழுத்துப் பயிற்சி எதுவும் செய்ய வேண்டாம். பிரசவம் ஆனதும், முதல் மணி நேரத்திலேயே குழந்தையை வெற்று மார்பின் மேல் படுக்க வைக்கச் சொல்லி இப்போதே டாக்டரிடம் சொல்லி வையுங்கள். மார்பு இன்னும் மெத்தென்று இருக்கிற அந்த முதல் நாட்களில் பழகிக்கொண்ட குழந்தை பின்னால் சிரமப்படாது.

ஊட்டும்போது பெருவிரல் ஒரு பக்கமும் மற்ற விரல்கள் எதிர்ப்பக்கமும், கருவட்டத்தை விட்டுத் தள்ளி வைத்து, மார்பைக் குழந்தையின் உதடு இருக்கிற வாக்கில் கொஞ்சம் தட்டையாக அழுத்திக் கொடுங்கள். பெரிய பன்னைக் கடிக்கும்போது நாமும் அப்படித்தான் வாய்க்கு ஏற்ற மாதிரி அமுக்கிக்கொள்கிறோம். அதற்கு முன்னால் விரலாலோ பம்பாலோ ஒரு நிமிடம் தூண்டினால் காம்பு கொஞ்சம் எழும்பும். அதன் மேல் போடுகிற சிலிக்கான் உறை சிலருக்கு உதவும், ஆனால் பக்கத்தில் இருந்து சொல்லிக்கொடுக்க ஆள் இல்லாமல், எடையைக் கவனிக்காமல் அதை ஆரம்பிக்க வேண்டாம். முதல் வாரங்களில் பாட்டில் ரப்பரைத் தவிர்ப்பது உங்களுக்கு மற்றவர்களைவிட முக்கியம். நீட்டமான ரப்பருக்குப் பழகிய வாய் பிறகு மார்பிலும் அதையே தேடும்.

கேள்வி: சிசேரியன் ஆகியிருக்கிறது. மடியில் வைத்தால் தையல் மேல் உதைக்கிறான். எப்படித்தான் ஊட்டுவது?

பதில்: மடியே வேண்டாம். குழந்தையை உங்கள் அக்குள் பக்கமாக, கால்கள் உங்கள் முதுகுப் பக்கம் நீட்டியிருக்கும்படி, பக்கவாட்டில் தலையணை மேல் வைத்து அந்தப் பக்கக் கையால் தாங்கிக்கொள்ளுங்கள். வயிற்றில் எதுவும் படாது, குழந்தையின் வாயும் உங்களுக்கு நன்றாகத் தெரியும். இல்லையென்றால் ஒருக்களித்துப் படுத்து, குழந்தையையும் உங்களைப் பார்த்து ஒருக்களித்துப் படுக்க வைத்து, மூக்கு காம்புக்கு நேரே வருகிற மாதிரி கொஞ்சம் கீழே தள்ளி வையுங்கள். தூக்கம் வந்தால் குழந்தையை அதன் இடத்தில் மல்லாக்கப் படுக்க வைத்துவிடச் சொல்லி வீட்டில் யாரையாவது விழித்திருக்கச் சொல்லுங்கள். சோபாவில் சாய்ந்தபடி ஊட்டிக்கொண்டே கண்ணயர்ந்துவிடுவது மட்டும் கூடவே கூடாது, அது குழந்தையின் உயிருக்கே ஆபத்து.

கேள்வி: வாய் வைத்த இரண்டு நிமிடத்தில் தூங்கிவிடுகிறாள். எடுத்தால் அழுகிறாள். ஒரு மணி நேரம் வைத்திருந்தாலும் குடித்த மாதிரியே தெரியவில்லை. 36 வாரத்தில் பிறந்தவள்.

பதில்: நாள் நிறைவதற்கு முன்னால் பிறந்த குழந்தைகள் பார்க்க நன்றாக இருந்தாலும் சீக்கிரம் களைத்துவிடுவார்கள், பசித்தாலும் கேட்கத் தெரியாது. அதனால் அவள் எழட்டும் என்று காத்திருக்காமல், 2 அல்லது 3 மணி நேரத்துக்கு ஒரு முறை நீங்களே எழுப்புங்கள், ராத்திரியிலும்தான். துணியை எடுத்துவிட்டு டயப்பரோடு உங்கள் வெற்று மார்பில் படுக்க வைத்தால் பெரும்பாலும் தானே தலையைத் தூக்கித் தேடுவாள், முதுகில் ஒரு துணியைப் போர்த்திவிடுங்கள். சப்புவது மெதுவாகி, விழுங்குகிற சத்தம் நின்றதும், மார்பை முழுக் கையால் அழுத்திப் பிடியுங்கள். பால் வாயில் இறங்கியதும் மறுபடி விழுங்க ஆரம்பிப்பாள். அவள் நிறுத்தினால் கையைத் தளர்த்தி, மறுபடி அழுத்துங்கள். அதற்கும் அசையாவிட்டால் பக்கத்தை மாற்றுங்கள். மேலோட்டமாகப் பிடித்திருந்தாலும் பால் சரியாக வராமல் குழந்தை தூங்கிவிடும் என்பதால் பிடிப்பையும் பாருங்கள். ஒவ்வொரு முறை ஊட்டிய பிறகும் கொஞ்சம் எடுத்து ஸ்பூனில் கொடுங்கள், எடையை அடிக்கடி பார்க்கச் சொல்லி மருத்துவரிடம் கேளுங்கள். நாள் நிறைகிற சமயத்தில் பெரும்பாலான குழந்தைகளுக்குத் தெம்பு வந்துவிடும்.

கேள்வி: குடிக்கும்போது "டிக் டிக்" என்று சத்தம் வருகிறது, அடிக்கடி நழுவிவிடுகிறது. நாக்கு ஒட்டியிருக்கிறது, வெட்ட வேண்டும் என்கிறார் பக்கத்து வீட்டு அக்கா.

பதில்: அந்தச் சத்தம் உறிஞ்சும் பிடி விட்டு விட்டுப் போவதால் வருகிறது. முதலில் முதல் கேள்விக்குச் சொன்னபடி ஆழமாகப் பிடிக்க வைத்துப் பாருங்கள், பலருக்கு அதிலேயே நின்றுவிடும். பால் வேகமாகப் பீறிட்டு வந்தாலும் இப்படி ஆகும், அப்போது நீங்கள் பின்னால் சாய்ந்து குழந்தையை மேலே படுக்க வைத்து ஊட்டினால் வேகம் மட்டுப்படும். இதற்கும் சரியாகாமல், நாக்கைக் கீழ் ஈறைத் தாண்டி நீட்ட முடியாமல் இருந்தால், அழும்போது நாக்கு நுனி நடுவில் பிளந்த மாதிரி தெரிந்தால், உங்களுக்கு வலியும் தொடர்ந்தால், அடியில் உள்ள ஜவ்வைக் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். ஜவ்வு எல்லோருக்கும் உண்டு, கண்ணுக்குத் தெரிவதாலேயே வெட்ட வேண்டியதில்லை. நாக்கு அசைவதைத் தடுத்து, குடிப்பதையும் கெடுத்தால்தான் அந்த யோசனை. தேவைப்பட்டால் அது சில நிமிடங்களில் முடிகிற சின்ன வேலை, முடிந்ததும் உடனே ஊட்டலாம்.

கேள்வி: மூக்கு அடைத்துக்கொள்ளுமோ என்று பயந்து விரலால் மார்பை அழுத்திப் பிடித்துக்கொண்டே ஊட்டுகிறேன். சரியா?

பதில்: வேண்டாம். அப்படி அழுத்தினால் வாய்க்குள் போன மார்பு வெளியே இழுபட்டு, நல்ல பிடிப்பும் நுனிப் பிடிப்பாகிவிடும், அந்த இடத்தில் பால் வருவதும் தடைபடலாம். இரண்டு விரலைக் கத்தரிக்கோல் மாதிரி காம்புக்குப் பக்கத்திலேயே வைத்துப் பிடிப்பதிலும் இதே தொந்தரவு உண்டு, அதையும் விட்டுவிடுங்கள். குழந்தையின் மூக்கு சப்பையாக, துவாரங்கள் பக்கவாட்டில் விரிந்து இருப்பதால் மார்பில் ஒட்டியிருந்தாலும் ஓரங்களில் காற்றுப் போகும். மூச்சு முட்டினால் தானே வாயை விட்டுவிடும். நிஜமாகவே புதைந்திருக்கிற மாதிரி தெரிந்தால், விரலை எடுத்துவிட்டுக் குழந்தையின் இடுப்பையும் கால்களையும் உங்கள் பக்கம் இன்னும் நெருக்கி அணையுங்கள், தலை கொஞ்சம் பின்னுக்குச் சாயும், மோவாய் இன்னும் உள்ளே போகும், மூக்கு விடுபட்டுவிடும்.